பூரண சுகமும் ஒரு நாற்காலியும்

இதனால் தங்கச்சிமடத்துச் சகல ஜனங்களுக்கும், கடலில் நிற்கும் விசைப்படகுகளுக்கும், கரையில் திரியும் நாய்களுக்கும் அறிவிக்கப்பட்டது என்னவென்றால்: ஆறு வருடக் குடல் நோயிலிருந்து பூரண சுகம் பெற்ற சகோதரி ஜெப்சி, ஞாயிறு மாலைப் பூசை முடிந்ததும் மேடையேறிச் சாட்சி சொல்வார். அறிவித்தவர் விழாக் கமிட்டித் தலைவர் மரியதாஸ். பத்தடி ஃபிளெக்ஸில் ஜெப்சியின் படம் உள்ளங்கை அளவு; அவருடையது ஆளுயரம்.

வினை வந்தது இப்படித்தான். மதுரையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குடலில் புண் ஆறிவிட்டது என்றார். அசதி போகவில்லையே என்று ஜெப்சி கேட்டதற்கு, "சிலருக்குப் புண் ஆறுனாலும் அது இருக்கும்மா, மாத்திரைய நிறுத்திராதீங்க" என்றும் சொன்னார். மாமியார் ஜோதிமேரி முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வேலை செய்து வரும் அசதிக்கு ஒரு காப்பி போதும். ஜெப்சியின் அசதி விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் கட்டிலோரம் காத்துக் கிடக்கும். தலைக்குக் குளித்தால், துவட்டுவதற்கு முன் உட்கார வேண்டும். ஈரத்துணி வாளி கொடிக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் இறங்கும். ஊர் இதற்கு வைத்த பெயர் சோம்பல். சுகமாகிவிட்டபடியால் திங்கட்கிழமை முதல் நண்டுக் கம்பெனியில் நாள் முழுக்க நின்று சதை எடுக்க அவளை அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மைக்கில் ஒருமுறை 'சுகம்' என்று சொல்லிவிட்டால், அப்புறம் ஆயுளுக்கும் உடம்புக்கு 'ஏலல' என்று வாய் திறக்க முடியாது.

"ரெண்டு நிமிசந்தான புள்ள. சொல்லிட்டு எறங்கிரு" என்றான் கணவன் கிளாட்சன்.

"நீ ஏறிச் சொல்லு. ஒனக்குத்தான் நல்ல சுகம்."

மேடையில் மரியதாஸ் முக்கால் மணி நேரம் அவளுடைய நோயைப் பற்றிப் பேசினார். நோய் அவருக்கே வந்துபோனது போல அத்தனை விவரம். அத்தனை நேரமும் ஓரத்தில் நின்ற ஜெப்சி உட்கார இடம் தேடினாள். மேடையில் இருந்தது ஒரே நாற்காலி. பூப்போட்ட துண்டு விரித்த தலைவர் நாற்காலி. போய் உட்கார்ந்தாள்.

"ஏத்தா, அது என் சேரு." மைக்கில் ஊருக்கே கேட்டது.

"தெரியும்ணே. மைக்க இங்கன கொண்டாங்க."

கொடுத்தார்.

"புண்ணு ஆறிருச்சு. ஆண்டவருக்கும் டாக்டருக்கும் நன்றி. அசதி ஆறல. ஆறுனா நானே வந்து சொல்றேன், ஃபிளெக்ஸு வேணாம். நாளைக்கி நண்டுக் கம்பெனிக்கி நான் போகல. ஏலல."

ஜோதிமேரி ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சாட்சி முடிஞ்சிருச்சும்மா, எந்திரி" என்றார் மரியதாஸ் பல்லைக் கடித்தபடி.

"முடிஞ்சிருச்சுண்ணே. எந்திரிக்கத்தான் முடியல."

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "அவ இருக்கட்டும், நீங்க நில்லுங்க!" சிரிப்பு கடைசி வரிசை வரை போனது. தலைவர் துண்டில்லாமல், நாற்காலியில்லாமல், இறுதி ஜெபம் முடியும்வரை நின்றார். ஜெப்சி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை நண்டுக் கம்பெனி வேன் வாசலில் மூன்று முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஜெப்சி பதினோரு மணி வரை தூங்கினாள். எழுந்தபோது அசதியாக இருந்தது.