மண்ணுக்குள் போன மரவட்டை

தோசைத்திருப்பி மண்ணுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது, அதன் எவர்சில்வர் விளிம்பில் காலை வெயில், பிடித்திருக்கும் கை என் நங்கை ருக்குமணியுடையது, நங்கை என்றால் எங்கள் ஈரோட்டுப் பக்கம் வீட்டுக்காரரின் அக்கா, கண்ணாடித் தொட்டியின் மூடி அவள் இடது கையில் இருக்கிறது, தொட்டியை மறைத்தாற்போல் பள்ளிச் சீருடையில் மிதுனா நிற்கிறாள், தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பி வந்தவள், என் பக்கம் அவள் முதுகுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை, நான் அடுக்களை வாசலில் ஈரக் கையோடு நிற்கிறேன், ஓடிப்போய்த் திருப்பியைப் பிடுங்கலாம், பிடுங்குவதற்கு எனக்குக் கை வலிக்காது, ஆனால் நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன், இனிமேல் இந்தப் பிள்ளை என்ன சொல்கிறாளோ அதுதான்.

வளர்ப்பு மீன் வாங்கப் போன அப்பாவும் மகளும் மரவட்டையோடு வந்தார்கள், கோயம்புத்தூர்க் கடையிலிருந்து, கறுகறுவென்று இரண்டு, நிமிர்ந்து கிடந்தால் என் உள்ளங்கையைத் தாண்டும், வாசலில் கோலத்தை மிதிக்காமல் தாண்டி வந்த மிதுனா பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல், இதுக்கு என்ன போடணும் என்று கேட்டாள், யாரையும் பார்க்காமல் கேட்டால் அது என்னைக் கேட்டது என்று அர்த்தம், இந்த வீட்டுக்கு நான் வந்த நாள் முதல் அவள் என்னைச் சித்தி என்றும் சொன்னதில்லை, வேறெதுவும் சொன்னதில்லை, மொட்டையாகத்தான் பேச்சு, அவள் அம்மா பூங்கொடி போய்ச் சேர்ந்த பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ள என் டிரைவிங் ஸ்கூலுக்கு வந்தவர் குழந்தைவேல், கிளட்சை விடத் தெரியாமல் சந்துக்குச் சந்து வண்டியை ஆஃப் செய்து செய்து என் பொறுமையைச் சோதித்து, கடைசியில் என்னையே கட்டிக்கொண்டார், வண்டி மட்டும் இன்னும் சரியாக ஓட்ட வராது, அது வேறு கதை. கடைக்காரன் தேங்காய் நார்த்தூளும் வெள்ளரிக்காயும் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தான், எனக்கு நம்பிக்கை வரவில்லை, அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும் என்று நம் ஊரில் பிறர் மூக்கை அறுப்பதற்குச் சொல்வார்கள், என் கல்யாணத்தில்கூட யாரோ என் காதுபடச் சொன்னார்கள், நான் அதைச் சமையல் குறிப்பாக எடுத்துக்கொண்டேன், டிரைவிங் ஸ்கூல் மைதானத்துப் புங்க மரத்தடியில் மக்கிக் கிடந்த சருகை மூட்டை கட்டி வந்தேன், விரலால் நசுக்கினால் உதிர்கிற உளுத்த கட்டை, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினேன், ஈரம் இருக்கணும், சேறாகக் கூடாது, ஒரு சாண் ஆழத்துக்கு மண், அன்று சாயங்காலமே இரண்டும் சருகைக் கறுக் கறுக்கென்று தின்றன, மிதுனா காதை வைத்துக் கேட்டாள், நானும் வைத்தேன், எங்கள் இரண்டு தலைகளும் இடித்துக்கொண்டன, அவள் சிரிக்கவில்லை, விலகவும் இல்லை. கையில் ஏற்றிவிட்டால் கால்கள் அலை அலையாக நகர்ந்து போகும், பயந்தால் சுருண்டு மஞ்சளாக ஒரு நீரை விடும், சோப்புப் போட்டாலும் கறை போகாது, பள்ளியில் என்னடி கையில் என்று கேட்டால் மருதாணி என்று சொல்லிவிட்டு வருகிறாள், சொல்லட்டும், எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, முதல் நாளிலிருந்தே பிடித்திருக்கிறது, வேறென்ன.

அப்புறம் பெரியது தின்பதை நிறுத்தியது, மூலையிலேயே மந்தமாகக் கிடந்தது, ஒரு நாள் காணோம், சிறியது மட்டும் மேலே திரிந்துகொண்டிருந்தது. மிதுனா ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், நான் அவள் கையைப் பிடித்தேன், கடைக்காரனுக்குப் போன் போட்டேன், தோல் உரிக்க உள்ளே போயிருக்குங்க, அறை மாதிரி ஒண்ணு கட்டிக்கிட்டுப் பச்சை உடம்பாக் கெடக்கும், தோண்டுனாப் போச்சு, வாங்கிட்டுப் போறவங்க எல்லாரும் ஆசையில தோண்டித்தான் சாகடிக்கிறாங்க என்றான், உறை ஊற்றிய பாலை நிமிஷத்துக்கொரு தரம் ஆட்டிப் பார்த்தால் தயிர் எங்கே ஆகும், இதை நான் சொன்னதும் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், நேராக, முதல் தடவையாக, அப்பவும் இப்படித்தான் சொன்னாங்க, அம்மா தூங்குது, தொந்தரவு பண்ணாத, நாளைக்குப் பாக்கலாம்னாங்க, அத்தைதான் சொன்னாங்க, அம்மா அன்னைக்கே செத்துப்போயிருந்துச்சு, எனக்கு மட்டும் தெரியல என்றாள். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அலறும் ஆட்களையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து நடத்திப் பார்த்தவள் நான், தரையில் அவளோடு உட்கார்ந்தேன், இங்க பாரு மிதுனா, அது உசுரோட இருக்குன்னு நான் சொல்லல, எனக்குத் தெரியாது, தோண்டுனா இருக்கிற உசுரும் போயிரும்கிறது மட்டும் தெரியும், கார்த்திகை தீபம் வரைக்கும் பார்ப்போம், வரலைன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்தே தோண்டுவோம், செத்திருந்தா செத்திருக்குன்னு மொதல்ல உங்கிட்டத்தான் சொல்வேன், நீ உன் கண்ணால பாத்துக்கலாம், உனக்கு நான் பொய் சொல்லமாட்டேன் என்றேன், அவள் ஸ்பூனைக் கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

அதற்குப் பிறகு நான் காணும் கனவிலெல்லாம் மண், காரை மண்ணுக்குள் ஓட்டிப் போகிறேன், கண்ணாடியில் வேர்கள் உரசுகின்றன, பின் சீட்டில் யாரோ பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், சுவரில் மாலை போட்ட படத்தில் இருப்பவள், எங்கேம்மா இறங்கணும் என்று கேட்கிறேன், நேராப் போங்க என்கிறாள், பயமாக இல்லை, விழித்தெழுந்தால் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலோடு மிதுனா தொட்டியருகே நிற்கிறாள், அது கனவின் மிச்சமா காலையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, நேற்றுத்தான் நங்கை கோபியிலிருந்து முறுக்கு டின்னோடு வந்தாள், கெட்டவள் இல்லை, பிள்ளை அழுவதைத் தாங்கமாட்டாள், அவ்வளவுதான், என்னை அடுக்களைக்குள் இழுத்து, அம்மிணி, அந்தப் பூச்சி செத்து நாத்தமடிக்குது, அவ பள்ளிக்கூடம் போனதும் எடுத்துப்போட்டுட்டு, தோட்டத்துக்குப் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம் என்றாள், நாத்தம் வெள்ளரிக்காயுதுங்க நங்கை, அழுகின துண்டை நான் எடுத்துட்டேன், பூச்சியைத் தொடாதீங்க, பொய்யும் சொல்லாதீங்க என்றேன், ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கக்கூடாதா என்றும் சொன்னேன், கேட்டால்தானே. இதோ திருப்பி நிற்கிறது, ஒண்ணுமில்ல கண்ணு, அத்தை சும்மா சுத்தம் பண்றேன் என்கிறாள் நங்கை, மிதுனா நகரவில்லை, நங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறாள், அது செத்துப்போய் எத்தனையோ நாளாச்சு சாமி, நீ அழுவேன்னு உங்கிட்ட மறைக்கிறாங்க என்கிறாள், இதற்கு அந்தப் பிள்ளையிடம் என்ன பதில் இருக்க முடியும், எத்தனை பேர் எத்தனை சொல்லி ஏமாற்றிய பிள்ளை, சிறிய மரவட்டை ஒன்றுமே நடக்காததுபோல் கண்ணாடி ஓரமாக ஊர்ந்து போகிறது, மண் அசையவில்லை, மிதுனா கையை நீட்டுகிறாள்.

செத்திருந்தா அவங்க எங்கிட்டச் சொல்லியிருப்பாங்க அத்தை, மூடியக் குடுங்க என்கிறாள்.