தாளித்த சாலட்

கோகிலவாணிக்கு அந்த வருடம் ஒரே ஆசைதான். தன் ஓரகத்தி செந்தமிழ்ச்செல்வி நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

ஆசைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. தியாகதுருகம் பக்கத்தில் அவர்கள் ஊர் மகளிர் குழுவுக்குச் செல்விதான் தலைவி. போன வருடம் கள்ளக்குறிச்சியில் நடந்த சத்துணவுப் போட்டிக்கு விடியுமுன் எழுந்து சாமைப் பொங்கல் கிண்டியவள் கோகிலவாணி. மேடையேறி, "எல்லாம் என் கைப்பக்குவங்க" என்று சொல்லிப் பரிசுக் குக்கரை வாங்கிக்கொண்டவள் செல்வி. நோகாமல் நுங்கு தின்கிற ஜென்மம். கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பெயர் அவள் வாயில் வரவே இல்லை.

இந்த வருடம் சாலட் செய்து வரச் சொல்லியிருந்தார்கள். கல்வராயன் மலையில் வேலை பார்க்கும் தம்பி ஜீவா ஒரு பை நிறைய பட்டர் ப்ரூட் கொண்டுவந்து கொடுத்தான். முதல் தடவை அந்தப் பழம் வந்தபோது கோகிலவாணி தெரியாமல் அடுப்பில் வதக்கிவிட்டாள். வேப்பங்கொழுந்து தோற்றது, அப்படியொரு கசப்பு. பச்சையாகத் தின்றால் வெண்ணெய், சூடு பட்டால் வாயில் வைக்க முடியாது. அது அவளுக்குத் தெரியும், செல்விக்குத் தெரியாது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம். இவளுக்குப் பழமே கிடைத்துவிட்டது.

போட்டிக்கு முந்தின நாள், சாலட் செய்யச் சொல்ல, குழுப் பெண்களோடு செல்வி வந்தாள்.

"தலைய வலிக்குதுக்கா. இந்த வாட்டி நீங்களே செஞ்சிடுங்க," என்றாள் கோகிலவாணி. தோட்டத்துத் தக்காளி, வெள்ளரி, சின்ன வெங்காயம், கொத்தமல்லி எல்லாவற்றையும் குழுப் பெண்கள் பார்க்கவே முறத்தில் அள்ளிக் கொடுத்தாள். வேகவைத்த காராமணியோடு கலந்து, எலுமிச்சை பிழிந்து, மிளகு தூவி, கடைசியில் பழத்துண்டுகளைப் போடச் சொன்னாள். ஒன்றுகூடப் பொய்யில்லை.

"தாளிக்க வாணாமா?"

"அது உங்க இஷ்டங்கா."

"தாளிக்காம வெக்கறதுக்கு இது இன்னா, எழவு வூட்டுச் சோறா?"

இந்தப் பேச்சைத்தான் கோகிலவாணி எதிர்பார்த்திருந்தாள். சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிற வரைக்கும் தாளிக்கிற வாசமே எழக்கூடாது. அதனால் தாளிக்காத பண்டத்தைச் செல்வி சபையில் வைக்கவே மாட்டாள். மறுநாள் கிருத்திகை வேறு. விரதக்காரி ருசி பார்க்கவும் மாட்டாள்.

காலையில் பக்கத்து வீட்டில், செல்வியின் வடச்சட்டியில் கடுகு வெடித்தது. அதன் பின்னால் எல்லாவற்றையும் கொட்டிப் பிரட்டுகிற சத்தமும் கேட்டது. கோகிலவாணிக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பார்த்தே ஆக வேண்டும் என்று பஸ் ஏறினாள்.

நடுவராக வந்த அம்மாள் ஒரு கரண்டி வாயில் போட்டாள். முகம் கோணியது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "யாரும்மா இதச் செஞ்சது?" என்று கேட்டு மைக்கைச் செல்வியிடம் நீட்டினாள்.

'சொல்லுடி, என் கைப்பக்குவம்னு சொல்லு' என்று கோகிலவாணி முன்வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள் கெஞ்சினாள்.

செல்வி அந்த அம்மாளின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள்.

"எங்க ஓரகத்தி கோகிலவாணிங்க," என்றாள் நிறுத்தி நிதானமாக. "அவ தோட்டத்துக் காயி, அவ தம்பி குடுத்த பழம், அவ சொன்ன பக்குவம். நான் சும்மா தூக்கிக்கினு வந்தேன். தோ, அங்க உக்காந்துக்கினு இருக்கா பாருங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பியது. குழுப் பெண்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் செய்யவில்லை என்று சொல்லலாம். சூடு படக்கூடாது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால்? கோகிலவாணிக்கு எரிச்சலில் கண்ணே கலங்கிவிட்டது.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனாள்.

"செஞ்ச நீங்களே சாப்ட்டுப் பாருங்கம்மா," என்று நடுவர் அம்மாள் தட்டை நீட்டினாள்.

"சாப்புடு கோகிலா," என்றாள் செல்வி.

அவள் ஒரு கரண்டி எடுத்து மென்று விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?" என்று நடுவர் அம்மாள் மைக்கை நீட்டினாள்.

"கசப்புங்க," என்று எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாள் கோகிலவாணி.