எர்ணாவூர் சுகாதார நிலையத்தில் மிதப்பவர்கள்

எர்ணாவூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவிடாமல் மருந்து எழுதினால், நோயாளி நாற்காலியிலிருந்து எழும்பி மேலே மிதப்பார். தலைவலிக்காரர்கள் ஒரு முழம் மிதந்துவிட்டுத் தாமாக இறங்கிவிடுவார்கள். காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர் ஒருவர் மட்டும் மத்தியானம்வரை டியூப்லைட் பக்கத்தில் கிடந்தார். காத்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பினார்கள். ஆலைப்புகையையே சகித்துக்கொண்ட ஊர், இதற்கா அசரப்போகிறது?

அந்த வருஷம் நிலையத்தின் டாக்டர் ஷெர்லினை, பலதரப்பட்ட மக்களுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்ற பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசி அறை, திரையில் படங்கள், சமோசா. இன்ன மதத்தார் இன்னதை விரும்புவார், இன்ன மாநிலத்தார் இன்னதற்குக் கூசுவார் என்று சொல்லித்தந்தார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். மார்த்தாண்டத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ வீட்டுப் பெண்ணான ஷெர்லின் அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டு திரும்பினார்.

திரும்பிய வாரமே, ஒரு திங்கட்கிழமை, ஹஃப்சா வந்தாள். எட்டு மாத கர்ப்பம், முகமெல்லாம் வீக்கம், ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் வுடுங்க டாக்டரம்மா..." என்று ஆரம்பித்தாள். ஷெர்லினுக்குப் பயிற்சி ஞாபகம் வந்துவிட்டது. அவள் முடிப்பதற்குள் புருஷன் கலீலுல்லாவை வெளியே அனுப்பினார், திரைச்சீலையை இழுத்துவிட்டார், அங்கேயும் பெண் டாக்டர்தான் பார்ப்பார் என்றார். ஹஃப்சா கட்டிலைவிட்டு எழும்பினாள். வேண்டுமானால் வழியில் தர்காவில் ஓதிக்கொண்டு போகலாம் என்றார். அவள் முதுகு கூரையில் போய் முட்டியது.

வெளியிலிருந்து கலீலுல்லா கத்தினான்: "யம்மா, இன்னா வோணும்னு அவளயே கேளும்மா! மொத புள்ளையே தங்கல எங்களுக்கு!"

ஷெர்லினுக்குப் படித்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மேசைமேல் ஏறி ஹஃப்சாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியல. நீயே சொல்லும்மா" என்றார்.

"அந்தோணியார் கோயிலுக்கு வாராவாரம் செவ்வாக்கெயம மெயுகுவத்தி நேந்துகினு கீறேன். நாளைக்குக் கடேசி வாரம். பாதில வுட்டா இந்தப் புள்ளையும் பூடுமோன்னு பயமா கீது."

வகுப்பில் இதை எந்த மதத்துக்கும் சொல்லித்தந்திருக்கவில்லை. உனக்காக வேறு யாராவது ஏற்றலாமா என்று ஷெர்லின் கேட்டார்.

"எம் வூட்டுக்காரரு ஏத்துனா போதும். அவரத்தான் வெளிய தொரத்திட்டீங்களே!"

"நான் ஏத்துறேன்டி!" என்று திரைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. ஹஃப்சா அலுங்காமல் ஸ்ட்ரெச்சரில் இறங்கினாள். மறுநாள் கலீலுல்லா தொப்பியோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றினான். அந்த வாரமே பெண் பிறந்தது. பிடியளவுதான், ஆனால் வார்டே எழுந்திருக்கும் தொண்டை.

சேதி பரவி, பயிற்சி நடத்தியவர் நேரிலேயே வந்தார். எந்த முறை பலித்தது என்று கேட்டார். "அன்னைக்கு எனக்கு..." என்று ஷெர்லின் ஆரம்பிக்க, மனிதர் 'முஸ்லிம் நோயாளிகளுக்கு மெழுகுவர்த்தி' என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டு கைகுலுக்கிக் கிளம்பிவிட்டார். ஷெர்லின் மேசையைத் தாண்டி மேலே மிதந்தார்.

தடுப்பூசிக்கு வந்திருந்த ஹஃப்சா அண்ணாந்து பார்த்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, டாக்டரின் பாதத்தைப் பிடித்தாள்.

"அன்னிக்கி ஒங்களுக்கு இன்னா டாக்டரம்மா? சொல்லுங்க, நான் கேக்குறேன்."

"பயமா இருந்துச்சு ஹஃப்சா. என் கையாலயே நீ செத்துருவியோன்னு பயமா இருந்துச்சு."

சொல்லி முடித்து அழுது ஓயும்வரை ஹஃப்சா பாதத்தை விடவில்லை. ஷெர்லின் மெல்ல இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை வாசலில் நின்றிருந்த அடுத்த நோயாளி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.