அடி வாங்க ஒரு தலை

என் அண்ணி ஒரு விசித்திரமான கூட்டத்தில் இருக்கிறார். பார்வையில்லாதவர்களுக்கு அச்செழுத்தைப் படித்துச் சொல்லும் செயலி ஒன்றைப் பல நாட்டு ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து இலவசமாக நடத்துகிறார்கள். தலைவர் கிடையாது, ஆபீஸ் கிடையாது. எதுவானாலும் கம்ப்யூட்டரில் ஓட்டு. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டுமே? அது அண்ணி. ஏமாந்தவர் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறைதான்.

போன மாதம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. செயலியில் பேசுவது தன் குரல், தன்னை யாரும் கேட்கவில்லை என்று ஒரு பெண்மணி வழக்குப் போடப் போகிறாராம். குரலைச் சேர்த்தது யாரென்றே கூட்டத்துக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் மட்டும் அண்ணி பெயருக்கு. தோற்றால் நாங்கள் குடியிருக்கும் வீடு போகும்.

“கையெழுத்து, வழக்கு எல்லாத்துக்கும் பொறுப்பா நமக்குன்னு ஒரு கம்பெனி தொடங்கலாம்” என்று கூட்டத்தில் யோசனை சொன்னார் அண்ணி. சாப்பாட்டு மேசையில் லேப்டாப். திரை முழுக்க முகங்கள்.

உடனே எதிர்த்தவர் முட்டுக்கட்டை. கூட்டம் வைத்த பட்டப்பெயர் அது. மனிதர் அதைப் பெருமையாகச் சுமக்கிறார்.

“இன்னைக்குக் கம்பெனி வரும், நாளைக்கு முதலாளி வருவார், அடுத்த நாள் நம்மளையே வித்துருவாங்க.”

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுக்கு முன்னால், யோசனை சொன்னவர் அதை எதிர்த்து எழுத வேண்டும். எதிர்த்தவர் ஆதரித்து எழுத வேண்டும்.

“ஒப்புக்கு நாலு வரி எழுதுங்க அண்ணி. வீடே போகப் போகுது” என்றேன்.

“அவர் பயப்படுறதுல நியாயம் இருக்கும்மா. அதை எப்படி அரைகுறையா எழுதுறது?”

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன். செயலியும் ஓட்டும் ஒருமுறை கம்பெனி கைக்குப் போனால் திரும்பி வராது என்று அண்ணி எழுதியிருந்ததைப் படித்து, நானே கம்பெனி வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆத்திரமாகவும் வந்தது, கும்பிடவும் தோன்றியது.

ஓட்டு நாளன்று முட்டுக்கட்டை தன் பங்கைப் படித்தார்.

“நமக்குத் தலையே இல்லன்னு பெருமை பேசுறோம். இருக்கு. இத்தனை வருஷமா அடி வாங்க மட்டும் அந்தத் தலைய வச்சிருந்தோம். என் ஓட்டு கம்பெனிக்கு.”

யோசனை ஜெயித்தது. அண்ணி எழுதிய பயமே விதியாயிற்று: கையெழுத்தும் வழக்கும் கம்பெனிக்கு, செயலியும் முடிவும் கூட்டத்துக்கு, பிடிக்காவிட்டால் கம்பெனியைக் கலைத்துவிடலாம்.

“அப்போ, இயக்குநரா யார் பேரைப் போடுறது?” என்றார் ஒருவர்.

திரையில் முகங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நழுவுவதில் மட்டும் அவர்களுக்கு ஓட்டு தேவைப்படவில்லை. அண்ணியின் கை எழுந்தது. நான் பிடித்துக் கீழே இழுத்தேன்.

“என் பேரைப் போடுங்க” என்றார் முட்டுக்கட்டை. “கம்பெனிய நம்பாத ஆள்கிட்டதான் கம்பெனி இருக்கணும்.”

அண்ணி அழுதுவிட்டார். நானும்தான். பத்திரங்கள் பதிவாகி, நோட்டீஸுக்குக் கம்பெனியே பொறுப்பேற்க, வழக்கும் வீட்டைவிட்டுப் போனது. அன்றைக்கே அண்ணி சாதாரண உறுப்பினராகக் கம்பெனிக்கு முதல் கேள்வியை அனுப்பினார்:

“அந்தக் குரலுக்குரிய அம்மாவிடம் எப்போது மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள்?”