பதினேழாம் தாள்

செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். வளைகுடாவில் இன்னும் ஒன்பதே முக்கால்தான். விஸ்வேஸ்வரன் பத்து மணிக்கு முன் போனை எடுக்கமாட்டார்.

சாவித்ரி காத்திருந்தாள். மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று டெல்லிக்குப் போகவேண்டிய கடிதம். மற்றது ஒரு வரைபடம், இருபத்திரண்டில் பதினேழாவது தாள்.

புனேயில், கேம்ப் பகுதியில் ஒரு பேக்கரியின் மாடியில் அவளுடைய அலுவலகம். வளைகுடாவில் எழும் கட்டடங்களுக்கு இங்கிருந்து கணக்குப் போட்டு வரைபடம் அனுப்புவது தொழில். பன்னிரண்டு வருடங்களில் எந்த வரைபடத்திலும் பொறியாளர் என்ற இடத்தில் அவள் பெயர் வந்ததில்லை. அந்த நாட்டில் குடியிருந்து, அங்கே பதிவு செய்தவர்தான் கையெழுத்திடலாம் என்பது சட்டம். அவளுக்குக் கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம். சரிபார்த்தவர். அதில் இரண்டு எழுத்து போடுவாள். முத்திரை விஸ்வேஸ்வரனுடையது. தஞ்சாவூர்க்காரர். இருபத்தைந்து வருடமாக அந்த ஊரில் இருக்கிறார்.

வர்த்தகப் பேச்சுவார்த்தைக்காக டெல்லியிலிருந்து கேட்டிருந்தார்கள். பிற நாடுகளில் உங்கள் வேலைக்கு என்னென்ன தடைகள்? எழுதி அனுப்புங்கள், ஆதாரத்தோடு. இன்று மாலை கூரியரில் போனால்தான் கணக்கில் சேரும்.

அவள் எழுதியிருந்தாள். 'உள்ளூர்ப் பொறியாளர் எங்கள் வேலையைப் பரிசோதிப்பதில்லை. முத்திரை மட்டும் வைக்கிறார். இந்த விதியால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.' மூன்று வாக்கியங்கள். எழுத ஒரு வாரம் ஆயிற்று. அந்த விதி போனால் அடுத்த வருடம் தன் பெயரிலேயே கையெழுத்திடலாம்.

ஆதாரமாக இணைக்க, முத்திரையோடு திரும்பி வந்த ஒரு வரைபடக் கட்டை நேற்று ஜெராக்ஸுக்கு எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் ஒவ்வொரு தாளாக வைத்து எடுத்தார். அவள் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பதினேழாவது தாளில் கண் நின்றது.

தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் அஸ்திவாரம். நான்காவது குறிப்பு: கடினப் பாறை தட்டுப்படும்வரை தோண்டவும்.

அந்த ஊரில் பாறை கிடையாது. கடற்கரை. எவ்வளவு தோண்டினாலும் மணல்தான்.

கடைக்காரர் தாளைத் திருப்பிப் போட்டார்.

இன்று அலுவலகத்தில் அதே தாளைப் பிரித்து வைத்திருந்தாள்.

"ஜெகதீசன்," என்றாள் சாவித்ரி. "இந்த நாலாவது குறிப்பு எங்கேருந்து வந்தது?"

ஜெகதீசன் வரைவாளர். புனேயை ஒட்டிய கசார்வாடிக்காரர். பக்கத்துப் போசரியில் தொழிற்சாலை தொழிற்சாலையாக இருபது வருடம் வரைந்தவர். எழுந்து வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"அரே... நம்ம பழைய போசரி ஷீட்டு மேடம். குறிப்பெல்லாம் அப்படியே காப்பி அடிச்சிட்டேன்."

"கடல் ஓரத்துல பாறை எங்கே இருக்கு?"

"இங்க ரெண்டடி கரிசல், அப்புறம் முரும், அதான் சரளை மண்ணு, அப்புறம் கல்லு. நோண்டுனா கல்லு வரும்னே பழகிப்போச்சு. பெரிய பில்டிங்குக்கு எல்லாம் மணல்ல ஆழமா தூண் எறக்கி பைல்தானே போட்டோம். இது ஒண்ணு சின்னது, தனியா நின்னுச்சு. தப்புதான்."

காலையிலேயே அவள் கணக்கைத் திரும்பப் போட்டுவிட்டாள். கோபுரத்துக்கு எட்டு பைல்கள் வேண்டும். சனிக்கிழமை அங்கே தோண்ட ஆரம்பிக்கிறார்கள்.

"ஒரு மணி நேரம் குடுங்க," என்றார் ஜெகதீசன். "புதுத் தாள் போட்டுடறேன். திருத்தம் ஒண்ணுன்னு மேல எழுதி அனுப்பிட்டா, அவரு இதையும் டம்முனு குத்திடுவாரு. யாருக்கும் தெரியாது."

"அவர் பாக்கமாட்டாரா?"

"யாரு, நம்ம போஸ்ட் மாஸ்டரா? பாத்திருந்தா இது திரும்பி வந்திருக்குமா மேடம்?"

முத்திரை இருந்தது. நீல மை, தேதி, சாய்ந்த கையெழுத்து. வலது மூலையில் பென்சிலில் ஒரு சின்ன டிக். எல்லாத் தாளிலும் அந்த டிக் இருந்தது.

"இது எதுக்கு?"

"எண்ணிக்கைக்கு. இருபத்திரண்டும் வந்துதான்னு."

இருக்கலாம். படித்ததற்காகவும் இருக்கலாம். அந்த ஊரில் இருப்பவர் படித்தால் முதல் பார்வையிலேயே தெரிந்திருக்கும். அதற்காகத்தான் அங்கே அப்படி ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். அவர் படிக்கவில்லை என்றால் கடிதத்தில் எழுதியது உண்மை. அதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. இந்த ஒரு தாளை மட்டும் இணைத்தால் போதும்.

இணைத்தால் கீழ் மூலையும் சேர்ந்துதான் போகும்.

அவள் அந்த மூலையைப் பார்த்தாள். சரிபார்த்தவர். இரண்டு எழுத்து. ஜூன் மாதத் தேதி. பால்கி என்னும் பல்லக்கு ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்த நாள். கூரியர்காரர் மூன்று மணிக்கே வந்து வாசலில் நின்றார். கடைசி ஆறு தாள்களில் தலைப்பை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

பதினொன்றரைக்கு எண்ணைச் சுழற்றினாள்.

"யாரு, சாவித்ரியா? புனேல நல்ல மழையாமே. இங்க கொளுத்தறது. என்ன, டெல்லிக்கு என்னைத் தூக்கச் சொல்லி எழுதறியாம்?"

"யார் சொன்னா?"

"உங்க ஊர்ப் பசங்களுக்கெல்லாம் நான்தானே முத்திரை. ஒருத்தன் சொல்லாமலா இருப்பான்? எழுதும்மா. எனக்கும் அறுபத்திமூணு ஆயாச்சு."

ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டு பென்சில் சீவினார்.

"சார், பதினேழாம் தாள் தப்பு. தொட்டிக் கோபுரம். பாறை வரைக்கும் தோண்டச் சொல்லி எழுதியிருக்கோம். பைல் வேணும். புதுத் தாள் இன்னிக்கு அனுப்பறேன். பழசை நிறுத்திடுங்கோ."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் வந்தது. ஒரு தாள், இன்னொரு தாள். பிறகு அது நின்றது.

"ஆமா," என்றார். "தப்புதான். காண்டிராக்டர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்."

"தேங்க்ஸ் சார்."

"நீ சொல்லாம மாத்தி அனுப்பியிருக்கலாமே. வழக்கமா எல்லாரும் அதைத்தான் பண்றா."

சாவித்ரி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து அந்த மூன்று வாக்கியங்களையும் ஒருமுறை படித்தாள்.

"ஒண்ணு கேக்கணும் சார். முத்திரை போடறதுக்கு முன்னாடி அந்த நாலாவது குறிப்பைப் படிச்சேளா?"

"இல்லை," என்றார். உடனே சொன்னார். "கீழே உன் கையெழுத்து இருந்தது. அதைத்தான் பார்த்தேன். உன் தாளுக்கு எப்பவும் அப்படித்தான்."

கீழே பேக்கரியில் யாரோ மராத்தியில் ரொட்டி கேட்டுக் குரல் கொடுத்தார்கள்.

"லெட்டர்ல அதை எழுதணும்னா எழுதிக்கோ. உண்மைதான், நான் கோச்சுக்க மாட்டேன். ஆனா நீ சொல்லு சாவித்ரி, நீ படிச்சியா?"