இடது முன்னங்கால்

ரென்னி ஸ்டாலர்டின் வீடியோக்களை நான் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். அவன் பாட்டு மோசம் என்று அர்த்தமில்லை. கென்டக்கியில் பிறந்தவள் எவளும் அவன் குரலைக் குறை சொல்ல மாட்டாள். ஆனால் நான் லாடம் அடிக்கிறவள். இருபத்தாறு வருஷமாக இந்தக் கவுண்டியிலும் பக்கத்து இரண்டு கவுண்டிகளிலும் குதிரைக் காலைத் தொடையிடுக்கில் பிடித்துக் குனிந்து குனிந்தே இடுப்பு போனவள். பாட்டு ஓடினால் கண் முகத்தில் நின்றுவிடுகிறது. சத்தம் இல்லாவிட்டால் தானாகக் காலுக்குப் போகிறது.

மற்றப் பாடகர்கள் வீடியோவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுவித் துடைத்த லாரி, கடையில் இருந்து அப்படியே எடுத்து மாட்டிய ஜீன்ஸ், பின்பலகையில் காலை ஆட்டிக்கொண்டு ஒரு பெண். எந்தப் பண்ணையில் ஐயா இப்படி இருக்கிறார்கள்? ரென்னி அப்படி எடுக்க மாட்டான். ஒரு பாட்டு முழுக்க ஒரு பள்ளிப் பேருந்து நிற்கும். ஒரு குழந்தைக்கு ஒற்றைச் செருப்பு கிடைக்கவில்லை, வீட்டுக்குள் தேடுகிறார்கள், டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருக்கிறார். பாட்டு முடியும்போது கிடைத்துவிடும். அவ்வளவுதான் கதை. இன்னொன்றில் சாவுச் சாப்பாடு முடிந்த தேவாலயத்து அடித்தளத்தில் நான்கு ஆண்கள் நாற்காலிகளை மடக்கி அடுக்குவார்கள். ஒருத்தரும் அழ மாட்டார்கள். நான் அழுதேன்.

எல்லா வீடியோவிலும் ஒரு குதிரை உண்டு. செந்நிறப் பெண் குதிரை, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. ஓரத்தில் புல் மேயும், வேலியோரம் நிற்கும், கடைசியில் ரென்னி அதன்மேல் ஏறிப் போவான். இந்த வீடியோக்களைப் பார்த்துவருகிற பதினோரு வருஷத்தில் அதன் கண்ணுக்கு மேலே நரை விழுந்ததுகூட எனக்குத் தெரியும். நல்ல குதிரை. காலை அளந்து வைக்கும்.

போன மார்ச்சில் புதுப் பாட்டு வந்தது. மர ஆலையில் ராத்திரி வேலை முடித்தவன் விடியற்காலை குதிரையில் வீட்டுக்குப் போகிறான். மெதுவான பாட்டு. படமும் மெதுவாக ஓடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் குதிரை தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, சரியாகத் தாளத்தில். உலகமே கிறுக்குப் பிடித்துப்போயிற்று. "குதிரைகூடத் தாளம் போடுது பாரு!" தீவனக் கடையில் அந்தப் பாட்டு வந்தால் கல்லாவில் நிற்கிறவள் தலையாட்டுவாள், மூட்டை தூக்குகிறவன் ஆட்டுவான். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரே ஒருமுறை ஆட்டிக் காட்டிச் சிரிக்கவைத்தார். அந்தப் பாட்டுக்கே தலையாட்டுப் பாட்டு என்று பெயர் விழுந்துவிட்டது.

நான் அதை முதல்முறை பார்த்தபோது கையில் இருந்த காபி ஆறிப்போயிற்று.

"யோவ் ஹோபர்ட், இங்க வா. இதைப் பாரு."

ஹோபர்ட் என் வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து பழுது பார்க்கிறவர். ரென்னி பெயரைச் சொன்னாலே முகத்தைச் சுளிப்பார்.

"உன் பாட்டுக்கார மாப்பிள்ளை என்ன பண்றான் இப்ப?"

"அவனை விடு. குதிரையைப் பாரு. இடது முன்னங்கால் தரையில படும்போது தலையைத் தூக்குது. வலது கால் படும்போது இறக்குது. வலிக்கிற கால்ல பாரம் போடாம இருக்கத்தான் அது அப்படிப் பண்ணுது. தாளமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நொண்டுது."

"ஊரே ரசிக்குது, உனக்கு மட்டும் நொண்டுது. இயேசுவைச் சுமந்த கழுதையைக் காட்டினாலும் நீ குளம்பைத்தான் பார்ப்ப, வெர்னா."

"பார்ப்பேன். அது சரியா நடந்துச்சான்னு யாராவது பார்க்கணும்ல?"

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில் குளம்பு கேமராவுக்கு நேராக வரும். நுனி நீண்டுபோய்க் கிடக்கிறது, குதிகால் பக்கம் அமுங்கிக் கிடக்கிறது. லாடத்தை மாற்ற வேண்டிய நாள் போய்ப் பல வாரம் ஆகியிருக்கும். ஒரு குறடும் அரமும் இருந்தால் பாதி வலி அன்றைக்கே போய்விடும். யாரும் செய்யவில்லை.

ரசிகர் மன்றத்துக்குக் கடிதம் எழுதினேன். ரென்னி கையெழுத்துப் போட்ட படம் ஒன்று வந்தது. மறுபடி எழுதினேன், காலைப் படம் வரைந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று கோடு போட்டு. மறுபடி படம் வந்தது. இந்தத் தடவை குதிரையோடு. அது தலையைத் தூக்கிக்கொண்டிருக்கிற படம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

ஆகஸ்டில் எங்கள் கவுண்டிக் கண்காட்சிக்கு ரென்னி வருவதாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஏழு மணிக்குக் கச்சேரி. அதற்கு முன் மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துக் கூடாரத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவான். அது இந்தப் பாடகர்கள் வழக்கம். எத்தனை பெரிய பாடகனானாலும் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆளுக்கு அரை நிமிஷம்.

"அரை நிமிஷத்துல என்ன சொல்லப் போற?" என்றார் ஹோபர்ட், கண்காட்சியில் வாங்கிய எலுமிச்சைச் சாறை உறிஞ்சிக்கொண்டு. "'தம்பி, உன் குதிரைக்குக் காலைக் கழுவு'ன்னா?"

"நீ போய் டிராக்டர் பாரு."

அவர் போகவில்லை. வரிசையில் என் பின்னாலேயே நின்றார். இரண்டு மணி நேரம் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பெண்கள் அவனிடம் போனதும் தலையாட்டிக் காட்டினார்கள். அவனும் சிரித்துக்கொண்டே ஆட்டினான். ஒவ்வொருத்தி ஆட்டும்போதும் நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

என் முறை வந்தது. வீடியோவில் தெரிவதைவிட ஒல்லி. நாற்பது வயது இருக்கும். களைத்துப்போயிருந்தான். பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு அவன் மேலாளர், மிஸ் கிம்ப்ரோ என்ற பெண்.

"வணக்கம்மா. யாருக்குன்னு எழுதட்டும்?"

"யாருக்கும் வேணாம் தம்பி. உன் குதிரைக்கு இடது முன்னங்கால் சரியில்ல. அது தாளம் போடல. நொண்டுது."

அவன் சிரித்தான். பழக்கமான சிரிப்பு. "எல்லாரும் அவளைப் பத்தித்தான் கேக்குறாங்க. என்னைவிட அவளுக்குத்தான் ரசிகர் அதிகம்."

"நான் சொல்றது காதுல விழலையா?"

"அடுத்தவங்க வரலாம்," என்றாள் மிஸ் கிம்ப்ரோ.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பதினோரு வருஷம் பார்த்திருக்கிறேன், இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன், அரை நிமிஷத்தில் கால் நிமிஷத்தைச் சிரித்தே தின்றுவிட்டான். மேசைக்கு முன்னால் இருந்த சிமென்ட் தரையில் நான் நடந்து காட்டினேன். ஐம்பத்தெட்டு வயதுப் பொம்பளை, இடது காலை வைக்கும்போது தலையைத் தூக்கி, வலது காலை வைக்கும்போது இறக்கி, ஒரு குதிரை வலியோடு எப்படி நடக்குமோ அப்படியே. வரிசையில் நின்றவர்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள், தாளத்துக்கு. ஒருத்தி பாடவே தொடங்கிவிட்டாள். மானம் போயிற்று. ஆனாலும் திரும்பி வரும்போது நிற்காமல் அப்படியே நடந்து வந்தேன்.

ரென்னி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தான்.

"இன்னொரு தடவை நடங்கம்மா," என்றான்.

நடந்தேன். கைதட்டல் நின்றுவிட்டது.

"எங்க மாமாவுக்கு இடுப்பு உடைஞ்சப்ப இப்படித்தான் நடந்தாரு," என்று மெதுவாகச் சொன்னான். "தலை இப்படித்தான் போகும்."

"தம்பி, நீ அவ காலை ஒருதரமாவது தூக்கிப் பார்த்திருக்கியா?"

"இல்லம்மா." காது வரை சிவந்துவிட்டது. "அவ என் குதிரை இல்ல. டென்னசியில ஒருத்தர்கிட்ட வாடகைக்கு எடுக்குறது. எனக்குக் குதிரைன்னா பயம். ஏத்தி விடுவாங்க, எடுத்து முடிச்சதும் இறக்கி விடுவாங்க."

அவன் தன் கையால் அதற்குத் தீவனம் வைப்பான், தேய்த்துவிடுவான் என்றெல்லாம் நான் நினைத்து வைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்தேன்.

"அப்போ அதோட சொந்தக்காரனுக்குமா கண்ணு தெரியல?"

மிஸ் கிம்ப்ரோ பெருமூச்சு விட்டாள். "தெரியும். லாடம் மாத்தணும்னு அவர் மார்ச்சிலேயே சொன்னாரு. இயக்குநருக்கு அந்தத் தலையாட்டல் பிடிச்சுப்போச்சு. அடுத்த வியாழக்கிழமை ரெண்டாம் பாகம் எடுக்குறோம், அதுவரைக்கும் மாத்த வேணாம்னு சொல்லி வச்சோம். ரென்னி, அது குதிரை. பன்னிரண்டு மில்லியன் பேரு பாத்திருக்காங்க."

"என்கிட்ட யாரும் சொல்லலையே."

"உன்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?"

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் படம் ஒன்றைத் திருப்பி, பேனாவோடு என் பக்கம் தள்ளினான். "உங்க போன் நம்பரும் வீட்டு விலாசமும் எழுதுங்கம்மா."

இரண்டையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வெளியே வந்ததும் ஹோபர்ட் கையிலிருந்த எலுமிச்சைச் சாறை என்னிடம் நீட்டினார். அந்த மனிதர் தன் குவளையை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

ஏழு மணிக்கு வெயில் இன்னும் இருந்தது. கேலரி நிரம்பி, கார் மோதல் போட்டி நடத்துகிற மண்ணிலும் ஆட்கள் நின்றார்கள். ரென்னி நன்றாகப் பாடினான். பேருந்துப் பாட்டு, நாற்காலிப் பாட்டு, எல்லாம் பாடினான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஜனங்கள் தலையாட்டுப் பாட்டைக் கேட்டுக் கத்தினார்கள். அவன் வேறொன்றைப் பாடினான். மறுபடி கத்தினார்கள். அப்புறம் கத்துவதை விட்டுவிட்டு எல்லோரும் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். நாலாயிரம் தலை, மேலும் கீழும், ஒரே நேரத்தில், சிரிப்போடு. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குத் தெரிந்த முகங்கள்தான்.

அவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

"குதிரைக்குக் கால் சரியில்ல," என்றான். "அதான் அப்படித் தலையாட்டுச்சு. மேல உக்காந்திருந்த எனக்குத் தெரியல. அது நல்லா நடக்குற வரைக்கும் நான் அந்தப் பாட்டைப் பாட மாட்டேன். மன்னிச்சிருங்க."

முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அப்புறம் ஊளையிட்டார்கள். எனக்குப் பின்னாலிருந்த ஒருத்தன், "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று கத்தினான். ஒரு காகிதக் குவளை பறந்துபோய் அவன் பூட்ஸ்மேல் விழுந்து ஐஸ் சிதறியது. பாதிப் பேர் எழுந்து போனார்கள். அவன் மிச்சம் இருந்தவர்களுக்காக இன்னும் மூன்று பாட்டுப் பாடினான்.

"அடியே வெர்னா, பையன் பிழைப்பைக் கெடுத்துட்டியேடி," என்றார் ஹோபர்ட். கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு குதிரையை ஏற்றிய பின்வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு லாரி வந்து எங்கள் வாசலில் நின்றது. ரென்னியே ஓட்டி வந்திருந்தான். படப்பிடிப்பு ரத்து, இயக்குநர் விலகிவிட்டார், மிஸ் கிம்ப்ரோ பேசுவதில்லை. குதிரையைச் சொந்தக்காரரிடமே கேட்டு விலைக்கு வாங்கிவிட்டான். அதை இறக்கத் தெரியாமல் வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றான்.

"பேரு என்ன தம்பி இதுக்கு?"

"பேன்ஸி. நேத்துதான் கேட்டேன்."

பழைய லாடங்களைக் கழற்றி, நுனியை வெட்டி, அரத்தால் தேய்த்து, குதிகாலைத் தாங்குகிற மாதிரி வேறு லாடம் அடித்தேன். உள்ளங்கையை வைத்தால் குளம்பு காய்ச்சல் கண்டதுபோல் சுட்டது. இத்தனை மாதம் இதை வைத்துக்கொண்டா கேமரா முன்னால் நடந்தாய் என்று அதன் காதில் கேட்டேன். கொல்லைப் புல்வெளியில் விட்டோம். இரண்டு மாதம் யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ரென்னி வாரம் ஒருமுறை வந்தான். முதல் வாரம் வேலிக்கு வெளியே நின்றான். மூன்றாம் வாரம் கழுத்தில் கை வைத்தான். அந்த மாதங்களில் அவன் கச்சேரிகள் குறைந்தன. எங்களிடம் அதைப் பற்றி அவன் பேசியதில்லை. ஹோபர்ட்தான் எங்கிருந்தோ கேட்டுக்கொண்டு வந்து சொல்லுவார்.

அக்டோபர் கடைசியில் சோதித்துப் பார்க்கலாம் என்றேன். புல்லில் நடந்தால் ஒன்றும் தெரியாது, கெட்டித் தரையில்தான் தெரியும். ரென்னி கையில் கயிற்றைக் கொடுத்துத் தார்ச் சாலையில் நேராக நடக்கச் சொன்னேன்.

"திரும்பிப் பார்க்காதே. நீ திரும்பினா அவளும் தலையைத் திருப்புவா. நேரா போ."

நானும் ஹோபர்ட்டும் சாலை நடுவில் நின்று பின்னாலிருந்து பார்த்தோம். டக், டக், டக், டக். நாலும் ஒரே சத்தம். அஞ்சல் பெட்டி வரை போய்விட்டார்கள்.

"தலையாட்டுறாளா?" என்று திரும்பாமலே கத்திக் கேட்டான்.

ஹோபர்ட் என் கையைப் பிடித்தார். நான் இன்னும் பத்து அடி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல தம்பி."

அவன் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. கயிற்றைப் பிடிக்காத கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தான்.