கல்யாணக் கேசட்டின் கடைசி இருபது நிமிடம்

நாலு ஞாயிற்றுக்கிழமையில் முன்பின் தெரியாத ஒன்பது கல்யாணங்களைப் பார்த்து முடித்திருந்தேன். எந்த மாப்பிள்ளைக்கு எந்தப் பெண் என்பது குழம்பிப்போய், ஒரு கல்யாணத்தில் பந்தி பரிமாறியவரை இன்னொரு கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் என்று நினைத்துக்கொண்டேன். மொய் எழுதாததுதான் பாக்கி.

நான் தேடியது கல்யாணத்தை அல்ல. 1987இல் டிவியில் பதின்மூன்று வாரம் ஓடிய ‘ஐந்தாம் நம்பர் கிடங்கு’ என்ற தொடரின் ஏழாவது பாகத்தை. துறைமுகத் தொழிலாளிகளின் கதை. ராயபுரத்தில் படம் பிடித்தபோது வேடிக்கை பார்த்து நின்ற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வசனம் பேச வைத்தார்கள். அவள் என் அம்மா, குப்பம்மா. எனக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு எண்ணூர் பக்கம் குடிவந்துவிட்டார். அம்மாவின் போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் இல்லை. எப்படிப் பேசுவாள் என்று அப்பாவைக் கேட்டால், “நல்லாத்தான் பேசுவா” என்பார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அப்பாவும் போன பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை. அம்மாவின் குரலை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தொடரை எடுத்தவரின் மகனைத் தேடிப் பிடித்தேன். டேப் விலை அதிகம் என்று பழையதன் மேலேயே புதியதை எடுத்துவிட்டார்களாம். பழைய கேசட் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டு வைத்தேன். ஐந்து மாதம் கழித்து, ராயபுரம் ஹுமாயூன் பாய் என்பவர் “என்கிட்ட கீது” என்று போட்டிருந்தார்.

இருப்பது உண்மைதான். எதில் இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பாய் அந்தக் காலத்தில் கல்யாண வீடியோ எடுத்தவர். கல்யாண வீட்டாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு ஒரிஜினலைத் தானே வைத்துக்கொள்வார். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் முடிந்து மிஞ்சுகிற இடத்தை வீணாக்க மனசு வராமல், டிவியில் வருவதைப் பிடித்து வைப்பாராம். மேலே ஒட்டிய சீட்டில் மாப்பிள்ளை பெண் பேர் மட்டும்தான்.

“ஓட்டி விட்டுக் கடைசிக்குப் போயிடலாமே, பாய்?”

“நாப்பது வருசத்து டேப்புமா. வேகமா ஓட்டுனா அறுந்துக்கும். மெதுவா பாத்துகினே போவணும்.”

பாய் வீட்டில் அன்று போட்டது பத்தாவது கேசட், லியாகத் அலி – ரஹீமுன்னிசா நிக்காஹ். பாய் ஸ்பிரிட்டில் துணியை நனைத்து டெக்கின் ஹெட்டைத் துடைத்துப் போட்டார். இரண்டு மணி நாற்பது நிமிடம் கழித்து மணப்பெண் காரில் ஏறிப் போனாள். திரை கருத்தது. பிறகு ஒரு அறை தெரிந்தது. அறைக்குள் ஒரு டிவி. அதற்கு முன்னால் தரையில் நெருக்கியடித்து நிறைய மண்டைகள்.

“இது என்ன பாய்?”

“இந்த வூடுதான். தெருவுல டிவி இங்கதான் இருந்துச்சு. டிவிலேர்ந்து நேரா புடிக்க ஒரு ஒயரு வேணும். அது என்கிட்ட இல்ல. கேமராவ டிவிக்கு நேரா நிறுத்திட்டேன்.”

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டிவிப் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. இருமல், குழந்தை அழுகை, யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொல்வது. ஆனாலும் கிடங்கின் கதவில் ஐந்து என்ற எண் தெரிந்தது. போனை எடுத்துப் பதிவைத் தட்டினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். போட்டோவில் பார்த்த அதே தாடை. அம்மா வாயைத் திறந்தாள்.

“ஐயா, என் கணவர் இன்னும் வீடு திரும்பவில்லை. எங்கிருக்கிறார் என்று விசாரித்துச் சொல்வீர்களா?”

பளிங்கு மாதிரிக் குரல். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதும் விட்டேன். ஆனால் அழுகை சரியாக உட்காரவில்லை. இறால் உரிக்கப் போன ராயபுரத்துப் பெண் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரியா பேசுவாள்? எழுதிக் கொடுத்ததைப் பேசினாளா? அப்பா சொன்ன ‘நல்லாத்தான்’ இதுதானா? யாரோ ஒரு டீச்சர் என் அம்மாவுக்குள் புகுந்து பேசியதுபோல் இருந்தது. சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே புரியவில்லை.

அப்போது அந்த அறையில், கேமராவுக்கு முன்னால் ஒரு கொண்டை எழுந்து டிவியை முழுக்க மறைத்தது.

“போச்சு,” என்றார் பாய். “எவளோ எந்திரிச்சுட்டா.”

“அய்ய, இது இன்னாது?” என்றது அந்தக் கொண்டை. கரகரத்த குரல், பாதி சிரிப்பு, பாதி ஆத்திரம். “வாயி என்து, கொரலு என்து இல்ல. எவளோ பேசறா.”

“குப்பம்மா, குந்து. மறைக்குது,” என்றாள் ஒருத்தி.

“நான் இன்னா சொன்னேன் தெரிமா? ‘நைனா, எங்க வூட்டுக்காரு இன்னும் வர்ல. எங்க கீறாருன்னு கொஞ்சம் கேட்டு சொல்லு’ன்னேன். கரீட்டா சொன்னேன்னு கை தட்னானுங்க. இப்ப பாரு, கொரல மாத்திக்கீறானுங்க.”

அறையே சிரித்தது. குழந்தை வீறிட்டது. கொண்டை குனிந்தது, நிமிர்ந்தபோது இடுப்பில் ஒரு குழந்தை.

“கம்முனு கெட, மதி. உன் அம்மா கொரலு அது இல்ல. இதான்.”

அவள் குழந்தையைத் தட்டிக்கொண்டே வாசல் பக்கம் போனாள். டிவியில் மறுபடியும் கோடுகள் ஏறின. யாரோ ஒரு முதலாளி பேசிக்கொண்டிருந்தார்.

பாய் டெக்கை நிறுத்தினார். “மன்னிச்சுக்கமா. முக்கியமான எடத்துல அந்த பொம்பள மறைச்சுட்டா. இத்த குரூப்புல போட முடியாது.” பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “உன் பேரு இன்னா சொன்ன?”

“மதி,” என்றேன்.

பாய் டேப்பைக் கொஞ்சம் பின்னால் ஓட்டிவிட்டு, ஒலியை முழுக்க ஏற்றினார்.